உம்மாவின் கைப்பையில் என்ன இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் எனது உம்மா உம்ராவுக்குப் புறப்பட்டார். அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. நான் மௌலவி. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தல்பியாவையும் தவாபின் ஒழுங்கையும் உட்கார்த்தி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். மாத்திரைகள் எந்தப் பையில் இருக்கின்றன என்று மட்டும் பார்க்கவில்லை.

மாத்திரைகள் பெரிய சூட்கேஸினுள் இருந்தன. விமானம் மாறும் இடத்தில் அந்தச் சூட்கேஸ் தங்கிவிட்டது. உம்மா ஜித்தாவில் இறங்கி இரண்டு நாட்களின் பின்னரே அது வந்து சேர்ந்தது. இதற்கிடையில் காலிரண்டும் வீங்கி, தலை சுற்றி, மக்காவின் முதல் நாளை அவர் ஹரமில் அல்ல, வைத்தியரின் கட்டிலில் கழித்தார். தொலைபேசியில் விசாரித்தபோது இன்னொரு விடயமும் தெரிய வந்தது.

"ஜன்னல் பக்கம் இருந்தன் மகன். எழும்பிப் போறதெண்டா ரெண்டு ஆம்பிளையள எழுப்பணும். அதால தண்ணியே குடிக்கல்ல."

அன்றிலிருந்து ஊரில் யார் தூரப் பயணம் புறப்பட்டாலும் அவரது வீட்டுப் பெண்களிடம் நான் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: உங்கள் பயணத்தின் விபரம் உங்களுக்குத் தெரியுமா? அல்லது மகனுக்கும் குழுத் தலைவருக்கும் மட்டும்தான் தெரியுமா?

யெமன் நாட்டிலிருந்து சிலர் கட்டுச்சோறின்றி ஹஜ்ஜுக்கு வந்து, 'நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்' என்று கூறி, பின்னர் மக்காவில் மக்களிடம் கையேந்தினார்கள் என்றும், அவர்கள் விடயத்திலேயே பிரயாண உணவைத் தயார் செய்துகொள்ளும்படி இறைகட்டளை வந்தது என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறுகிறது. ஆயத்தம் செய்வது தவக்குலுக்கு மாறானதல்ல, அதன் முதற்படி.

பத்திரங்களில் கவனம்

பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. எமது பெண்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், விவாகப் பதிவில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கும். டிக்கட்டிலும் விசாவிலும் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். டிக்கட் கைக்கு வந்த அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையத்தில் கண்டுபிடித்தால் காலம் கடந்துவிடும்.

ஹஜ், உம்ரா செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை, சவூதியைச் சென்றடைய குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, டிக்கட், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் பிரதி ஒன்று உங்கள் கைப்பையிலும் மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும். தங்குமிடத்தின் பெயரையும், அங்கு தொடர்புகொள்ள வேண்டியவரின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியின் மின்சாரம் தீர்ந்தாலும் தாள் பேசும்.

டிக்கட் எடுக்கும்போதே

விலையை மட்டும் கேட்காமல் மூன்று விடயங்களைக் கேளுங்கள். விமானம் நேரே போகிறதா? மாறுவதென்றால் எங்கே, எத்தனை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்? வழியில் எந்தத் தொழுகைகளின் நேரம் வருகிறது?

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு நேரடிப் பறப்பு சுமார் 6 மணித்தியாலம். இலண்டனுக்கு சுமார் 11 மணித்தியாலம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை பயணிக்கு உண்டு. மட்டக்களப்புப் பகுதியிலிருந்து புறப்படுபவர் தனது ஊர் எல்லையைத் தாண்டியதுமே பயணியாகிவிடுகிறார். எனவே பிற்பகல் விமானமென்றால் ளுஹரையும் அஸரையும் விமான நிலையத்துத் தொழுகை அறையிலேயே ஜம்உ, கஸ்ராகத் தொழுதுவிட்டு ஏறலாம். மஃரிபை இஷாவுக்குப் பிற்படுத்துபவர் மஃரிபின் நேரத்திலேயே அந்த நிய்யத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸுப்ஹுக்கு ஜம்உ இல்லை. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மேற்கே போகும்போது இரவு நீளும். கிழக்கே திரும்பி வரும்போது இரவு சுருங்கும். இலண்டனிலிருந்து இரவில் புறப்பட்டவரின் கைக்கடிகாரம் நள்ளிரவைத் தாண்டிச் சிறிது நேரத்திலேயே வெளியே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். கடிகாரத்தை நம்பித் தூங்கினால் ஸுப்ஹு தவறிவிடும். விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லி, இடம் கிடைத்தால் நின்று கிப்லாவை நோக்கித் தொழுங்கள். இயலாவிட்டால் நேரத்தின் கண்ணியத்துக்காக இருக்கையிலேயே தொழுதுவிட்டு, இறங்கியபின் மீட்டித் தொழ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு.

முஸ்லிம் உணவு, சீனி வருத்தக்காரருக்கான உணவு, சக்கர நாற்காலி ஆகியவற்றையும் டிக்கட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. "நான் என்ன நொண்டியா?" என்று மறுக்கும் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: பெரிய விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். அந்தக் கால்களைத் தவாபுக்காக மிச்சப்படுத்துங்கள். இருக்கையையும் நடைபாதை ஓரமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத் தவறியதால்தான் எனது உம்மாவின் கால்கள் வீங்கின.

கட்டுநாயக்க வரை

எமது பயணத்தின் சிரமமான பகுதி சில வேளை ஆகாயத்தில் அல்ல, தரையில்தான் இருக்கிறது. ஓட்டமாவடி, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க வேனில் போய், தூக்கமில்லாமல் விமானம் ஏறுகிறோம். வழியில் யானை குறுக்கிடும். சாரதிக்குக் கண் சொக்கும். மாரி காலத்தில் வெள்ளம் பாதையை மறிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பாதைகளும் ரயில் தண்டவாளங்களும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டதை நாம் கண்டோம். நவம்பர் முதல் ஜனவரி வரை பயணிப்போர் ஒரு நாள் முன்னதாகவே நீர்கொழும்பிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

திரும்பி வரும்போதும் அவசரப்பட வேண்டாம். 1990 ஜூலையில் ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்களும் அடங்கலாகப் பலரைக் குருக்கள்மடத்தில் பறிகொடுத்த சமூகம் நாம். விமானம் தரைதட்டியதும் பயணம் முடிந்துவிடுவதில்லை; வீட்டு வாசலை மிதிக்கும்போதுதான் முடிகிறது. அன்றைய ஆபத்து இன்று இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தூங்கி வழியும் சாரதியும் ஓர் ஆபத்துத்தான்.

கைப்பையும் பெரிய பெட்டியும்

பயண நாட்களுக்குத் தேவையான மாத்திரைகளும் மேலதிகமாக ஒரு வாரத்துக்கானவையும் அவற்றின் உறையோடு கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்து பழுதாகலாம். வைத்தியரின் மருந்துத் துண்டும் கடிதமும் கூடவே இருக்கட்டும். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் சில கடும் வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. நேரமும் உணவும் மாறுவதால் இன்சுலின் அளவைப் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பையில் திரவம் கொண்டு செல்வதற்கான பொதுவான வரம்பு போத்தல் ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர். அச்சாறு, தேன், வட்டிலப்பம், நமது எருமைத் தயிர் எல்லாம் சோதனையில் நிறுத்தப்படும். வெறும் போத்தலைக் கொண்டுபோய்ச் சோதனையைத் தாண்டியபின் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு சோடி மாற்றுடையும் வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கு அரைக்கும் கசகசாவை வளைகுடா நாடுகளுக்குக் கொண்டு செல்ல வேண்டாம். அபினிச் செடியின் விதை என்பதால் அங்கு அது தடைசெய்யப்பட்டது. வெற்றிலை பாக்குக்கும் சில நாடுகளில் தடை உண்டு. இலண்டனுக்கு இறைச்சி, பால் பண்டங்கள் எடுத்துச் செல்ல இயலாது.

பயணச் செய்தி பரவியதும் அயல் வீடுகளிலிருந்து பொதிகள் வரத் தொடங்கும். "சவூதியிலிருக்கும் மகனுக்கு இதைக் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். அமானிதத்தைச் சுமப்பது நன்மைதான். ஆனால் கட்டிய பொதியைக் கட்டியபடியே வாங்காதீர்கள். கொடுப்பவரின் முன்னிலையில் பிரித்துப் பார்த்து, நீங்களே கட்டுங்கள். முகம் சுளிப்பவரின் பொதி வேண்டாம். போதைப்பொருளுக்குச் சவூதியில் மரண தண்டனை வரை உண்டு. 'எனக்குத் தெரியாது' என்ற சொல் அங்கு எடுபடாது.

விமானத்தினுள்

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்து அதிகரிக்கிறது. விமானத்தினுள் காற்று மிகவும் வறண்டது. ஆகவே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். இருந்தபடியே குதிகாலையும் விரலையும் மாறி மாறி உயர்த்துங்கள். தளர்ந்த பாதணி அணியுங்கள்.

வெட்கத்தாலோ, வுழூ முறிந்துவிடும் என்றோ தண்ணீரைத் தவிர்க்காதீர்கள். எழுந்து வழிவிடுவது பக்கத்தில் இருப்பவரின் கடமை. மலசலகூடக் கதவு நடுவில் தள்ளினால் உள்ளே மடியும். தாழ்ப்பாள் போட்டால்தான் உள்ளே வெளிச்சம் முழுமையாக எரியும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் பல மணித்தியாலம் அடக்கிக்கொண்டிருந்த தாய்மார்களை நான் அறிவேன். வுழூச் செய்யும்போது தரையை நனைக்காமல் சிக்கனமாகச் செய்யுங்கள்.

கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பின் வைத்தியரின் கடிதத்தோடு செல்ல வேண்டும். 36 வாரத்துக்குப் பின் பெரும்பாலான விமானங்கள் ஏற்றுவதில்லை. இறங்கும்போது குழந்தைக்குக் காது வலிக்கும். அந்நேரம் பால் கொடுங்கள்.

இஹ்ராம்

முதலில் மக்காவா, மதீனாவா என்று கேட்டறியுங்கள். மதீனாவென்றால் விமானத்தில் இஹ்ராம் இல்லை. பின்னர் துல்ஹுலைபாவில் நிய்யத் வைப்பீர்கள். நேரே மக்காவுக்கென்றால் ஜித்தாவில் இறங்க முன்பே மீகாத் எல்லை கடந்துவிடும். வீட்டிலேயே குளித்து ஆயத்தமாகி, அறிவிப்பு வரும்போது நிய்யத் வையுங்கள். தூங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர் முன்னரே வைத்துக்கொள்ளலாம். நிய்யத்தின் பின் விமானத்தில் தரும் வாசனைத் தாளால் முகம் துடைக்க வேண்டாம்.

ஹயிழ் ஏற்பட்டால் கலங்க வேண்டாம். குளித்து நிய்யத் வைத்து, தவாப் தவிர்த்து, சுத்தமாகும் வரை காத்திருப்பதே வழி. ஆயிஷா (ரழி) அவர்களுக்கே ஹஜ்ஜுப் பயணத்தில் அது நேர்ந்தது. மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் விழுங்காதீர்கள்.

சென்ற வருடம் உம்மா தங்கச்சியைப் பார்க்க இலண்டன் புறப்பட்டார். கட்டுநாயக்கவில் கடவுச்சீட்டை வாங்கிப் பிடிக்க வழக்கம்போல் கையை நீட்டினேன்.

"என்னட்டயே இருக்கட்டும் மகன்" என்றார். பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். மாத்திரை, மருந்துத் துண்டு, தங்கச்சியின் இலக்கம் எழுதிய தாள், முஸல்லா, வெறும் தண்ணீர்ப் போத்தல். "ஓரத்துச் சீட்டும் கேட்டு எடுத்திட்டன்" என்றார்.

எமது தாய்மாரினதும் சகோதரிகளினதும் பயணங்களை அல்லாஹுத்தஆலா இலேசாக்கி, சுகமாக வீடு சேர்த்து வைப்பானாக! ஆமீன்.