விரலியில் ஒரு வீட்டுத் திரையரங்கு



பண்டார் பாரு செந்தூலில் உள்ள நம் உறவினர் வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரு பழைய கணினி துணி போர்த்திக் கிடந்தது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டதால், "பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா, மாமா?" என்று அவ்வீட்டுப் பையன் கேட்டான். அதே வீட்டுப் பாட்டிக்கு வேறொரு குறை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பிடித்த பழைய வீடியோ நாடாவை, கடையில் கொடுத்து விரலியில் ஏற்றி வைத்திருந்தார்கள். விரலி என்றால் பெண்டிரைவ்தான். ஆனால் வீட்டுத் தொலைக்காட்சியோ அந்தப் படத்தைத் திறக்க மறுத்தது. இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து உண்டா என்று நாம் பார்த்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். செந்தூலில் முன்னாளில் கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. நம்மவர் பலர் அங்கே வேலை செய்தவர்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதன்மேல் குண்டு வீசியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அந்தப் பட்டறைக்காரரைக் கேட்டால் எளிதாகச் சொல்வார்: பெட்டிகள் அப்படியே இருக்க, முன்னால் மாட்டும் எஞ்சினை மட்டும் மாற்றலாம் என்று. கணினியும் அப்படித்தான். திரை, நினைவகம், வட்டு எல்லாம் பெட்டிகள். அவற்றை இழுத்துச் செல்லும் எஞ்சின்தான் இயங்குதளம். விண்டோஸ் ஓர் எஞ்சின். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வேறோர் எஞ்சின்.

படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே என்று கட்டிய சிறு லினக்ஸ் ஒன்று உண்டு. லிப்ரெஎலெக் என்பது அதன் பெயர். 2009இல் தொடங்கிய ஓப்பன்எலெக் என்ற திட்டத்திலிருந்து 2016இல் பிரிந்து வந்தது. அதற்குள் இருந்து படம் காட்டுவது கோடி என்னும் மென்பொருள். நூறு இலட்சம் என்னும் கோடி அல்ல. பெயர்தான் அப்படி அமைந்துவிட்டது. விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பாக்ஸுக்காக 2002இல் சிலர் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியது அது; 2014இல்தான் கோடி என்று பெயர் மாறியது. இரண்டிற்கும் ஒரு சென் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். 8 ஜிபி விரலி ஒன்று போதும். லிப்ரெஎலெக் தரும் எழுதும் கருவியை வேறொரு கணினியில் திறந்து, சாதாரண 64 பிட் கணினிகளுக்கான ஜெனரிக் என்ற கோப்பைத் தேர்ந்து, விரலியில் எழுதச் சொல்ல வேண்டும். இது கோப்பை நகலெடுப்பது போன்றதன்று. விரலியில் முன்பிருந்த அனைத்தையும் துடைத்துவிட்டுத்தான் எழுதும்.

இங்கேதான் நாம் தவறு செய்தோம். மேசை இழுப்பறையில் ஒரே மாதிரியான கறுப்பு விரலிகள் இரண்டு கிடந்தன. பார்க்காமல் ஒன்றை எடுத்துச் செருகினோம். வேலை முடிந்தபின் பார்த்தால், திருவிழாப் படம் இருந்த விரலி அதுதான்! பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நமக்கு அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. நல்ல வேளையாக மூல நாடா அலமாரியில் சேலைகளுக்கடியில் பத்திரமாய் இருந்தது. மறுபடி கடைக்குக் கொடுத்து, மறுபடி பணம் கட்டி, இம்முறை இரண்டு பிரதிகள் எடுத்து, விரலிகளில் வெள்ளைத் தாள் ஒட்டிப் பெயர் எழுதினோம்.

அடுத்தது கணினியை விரலியிலிருந்து எழுப்புவது. தோட்டத்தில் காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கங்காணி கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும், வரிசைப்படி கூப்பிடுவார். கணினியை முடுக்கியதும் அதற்குள்ளும் ஒரு கங்காணி விழித்து, எந்த வட்டில் இயங்குதளம் இருக்கிறதென்று பட்டியல்படி கேட்கிறார். வழக்கமாக உள்வட்டின் பெயரே முதலில் இருக்கும். முடுக்கிய உடனே எப்12 அல்லது எஸ்கேப் போன்ற ஒரு விசையைத் தட்டினால் பட்டியல் திரையில் வரும், விரலியைத் தேர்ந்தெடுக்கலாம். விசை கணினிக்குக் கணினி மாறும். செக்யூர் பூட் என்ற காவல் இருந்தால் லிப்ரெஎலெக்கை உள்ளே விடாது. அதை அமைப்பில் நிறுத்த வேண்டும். வட்டு பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தால், அதற்குமுன் மீட்புக் குறியீட்டைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

விரலி எழுந்ததும் மூன்று வழிகள் கிடைக்கும். நேயர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது. 'இன்ஸ்டாலர்' என்பது உள்வட்டிலேயே குடியேறுவது. அங்குள்ள விண்டோஸ், கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் பாடங்கள் எல்லாம் போய்விடும். நாம் ஒன்றும் செய்யாமல் நின்றால் சில நொடிகளில் கணினி இந்த வழியில்தான் இறங்கும். அப்படி இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம்; எந்த வட்டு என்று கேட்கும்போது ஒத்துக்கொள்ளாமல் வெளியேறலாம். 'லைவ்' என்பது விருந்தாளி போல வந்து போவது. எல்லாம் நினைவகத்திலேயே நடக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் செய்த அமைப்பும் மறைந்துவிடும். 'ரன்' என்பதும் விரலியிலிருந்தே ஓடுவதுதான்; ஆனால் நம் விருப்பங்களை அந்த விரலியிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். சோதிப்பவர்களுக்கு லைவ்தான் ஏற்றது. நாமும் அதையே தேர்ந்தோம்.

எச்டிஎம்ஐ கம்பியால் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருந்தோம். நீலத் திரையில் கோடி வந்து நின்றது. சில கேள்விகள் கேட்டது; எஸ்எஸ்எச் என்பதை அணைத்தே விட்டோம். திருவிழா விரலியைச் செருகி, வீடியோஸ், பைல்ஸ் என்று போய்ப் படத்தைத் திறந்தோம். அம்புக்குறி விசைகளால் நகர்வது, எண்டரால் திறப்பது, பேக்ஸ்பேஸால் திரும்புவது, நீண்ட ஸ்பேஸ் விசையால் நிறுத்தி வைப்பது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பசார் மாலாமில் இதே கோடியை அடைத்து, "எல்லாச் சேனலும் இலவசம்" என்று விற்கும் பெட்டிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கோடி தன்னோடு ஒரு படத்தையும் கொண்டு வருவதில்லை. திருட்டு வழிகளைப் பிறர் அதில் சேர்க்கிறார்கள். 2022 மார்ச் 18 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி அத்தகைய பெட்டிகளைச் செய்வோரும் விற்போரும் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளிவரை அபராதம், 20 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டையும் சந்திக்க நேரும். நண்பருக்கு உதவுவதாக நினைத்து நாலு பெட்டி வாங்கி விற்கும் நம் இளைஞர்களை நினைத்தே இதைச் சொல்கிறோம்.

பாட்டி அன்றிரவு சாமி ஊர்வலம் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஸ்பேஸ் விசையைத் தட்டினோம். கூட்டத்தின் ஓரத்தில், தலையில் பால்குடத்தோடு ஒரு சின்னப்பெண் நின்றாள். "இவளோட அம்மா" என்று பேத்தியைக் காட்டினார். பேத்தி திரைக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றாள்.

கணினியை நிறுத்தி, விரலியை எடுத்துவிட்டு மறுபடி முடுக்கினோம். விண்டோஸ் ஒன்றும் நடவாதது போல வந்தது. கல்யாணப் படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுநாள் மாலை பாட்டி மீண்டும் கேட்டார். இம்முறை 'ரன்' வழியில் போனோம். உள்வட்டில் நிறுவுவதா என்பதைப் பையன் இன்னும் முடிவு செய்யவில்லை. படங்களை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறான். கணினி இப்போது கட்டிலுக்கடியில் இல்லை. தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில் இருக்கிறது.