இல்லாத பெண்ணுக்காக அழுத நாடு: 1955-ல் பிரிட்டனின் ஒரு ரேடியோ நாள்

1955, செப்டம்பர் 22, வியாழக்கிழமை. பிரிட்டனின் முதல் தனியார் தொலைக்காட்சியான ஐ.டி.வி, அன்று இரவு 7.15 மணிக்கு லண்டனில் ஒளிபரப்பைத் தொடங்கியது. விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் டி.வி அந்த நாட்டுக்கே புதுசு. அதுவரை ரேடியோ, டி.வி இரண்டும் பி.பி.சி-யின் கையில் மட்டுமே இருந்தன. மறுநாள் ஊர் முழுக்க ஐ.டி.வி பற்றித்தான் பேசியிருக்க வேண்டும்.

ஆனால் மக்கள் பேசியது, முந்தின நாள் மாலை தீ விபத்தில் சிக்கி இறந்துபோன ஓர் இளம்பெண்ணைப் பற்றி. அவள் பெயர் கிரேஸ் ஆர்ச்சர். இத்தனைக்கும் அப்படி ஒரு பெண் உலகத்தில் இருந்ததே இல்லை. அவள் ஒரு ரேடியோ நாடகத்தின் கதாபாத்திரம்!

வெறும் குரலுக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்துச் சாதாரண வார நாள் ஒன்றைக் காலையிலிருந்து பின்தொடர்ந்தால் புரியும்.

ஒரு பெட்டி, மூன்று சேவைகள்

அன்றைய ரேடியோ ஒரு மரப்பெட்டி. உள்ளே வால்வுகள் சூடேறிய பிறகுதான் சத்தம் வரும். அதை வைத்திருக்க ஆண்டுக்கு ஒரு பவுண்டு லைசென்ஸ் கட்ட வேண்டும். டி.வி-யும் வேண்டுமென்றால் 3 பவுண்டு. 1955-ல் ரேடியோ லைசென்ஸ் மட்டும் வைத்திருந்த குடும்பங்கள், டி.வி லைசென்ஸ் வைத்திருந்தவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பி.பி.சி-யில் மூன்று சேவைகள் இருந்தன. செய்தி, பேச்சு, நாடகம், பள்ளிப் பாடங்களுக்கு 'ஹோம் சர்வீஸ்'. பொழுதுபோக்குக்கு 'லைட் புரோகிராம்'. இலக்கியம், செவ்வியல் இசை, கனமான உரைகளுக்கு, மாலையில் மட்டும் வரும் 'தேர்ட் புரோகிராம்'.

காலை: ஆறு 'பிப்' சத்தங்கள்

கிரீனிச் நேரத்தைச் சொல்லும் ஆறு 'பிப்' ஒலிகள் 1924 முதல் பி.பி.சி-யில் ஒலிக்கின்றன. அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். தொடர்ந்து காலைச் செய்தி.

செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார். போர்க்காலத்தில் மட்டும் சொன்னார்கள். எதிரிகள் ஊடுருவிப் போலிச் செய்தி வாசித்துவிடக் கூடாது, நேயர்களுக்கு உண்மையான குரல் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக! போர் முடிந்ததும் அந்த வழக்கமும் நின்றது.

குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் எழுதாத விதி ஒன்று இருந்தது: படித்த மேல்தட்டு மக்களின் உச்சரிப்பு. 1941-ல் யார்க்ஷயர் வட்டாரப் பேச்சு கொண்ட வில்பிரட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். தங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. 'இப்படிப் பேசினால் செய்தியை எப்படி நம்புவது?' என்று குறைபட்டவர்களும் உண்டு.

மதியம்: அம்மாக்களின் நேரம்

மதியம் 1.45-க்கு லைட் புரோகிராமில் 'லிசன் வித் மதர்'. பள்ளிக்குப் போகாத குழந்தைகள் அம்மாவோடு உட்கார்ந்து கேட்க, கால் மணி நேரக் கதையும் பாட்டும். எல்லோரும் வசதியாக உட்கார்ந்துவிட்டீர்களா என்று குழந்தைகளைக் கேட்டுவிட்டுத்தான் கதையே தொடங்கும்.

2 மணிக்கு 'உமன்ஸ் அவர்'. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பெண்கள் சற்று உட்காரும் நேரம் பார்த்து வைத்த நிகழ்ச்சி. 1946 அக்டோபர் 7-ல் தொடங்கியபோது அதன் தொகுப்பாளர் யார் தெரியுமா? ஆலன் ஐவிமி என்ற ஆண்! பெண்களுக்கு ஓர் ஆண் வந்து பாடம் எடுப்பதா என்று எதிர்ப்பு வந்தது. பெண்கள் விரைவிலேயே அந்த இடத்துக்கு வந்தார்கள்.

சமையல், தையல் என்று தொடங்கிய நிகழ்ச்சி, 1940-களின் இறுதியிலேயே மாதவிடாய் நிற்கும் பருவம் பற்றிப் பேசியது. பி.பி.சி-யின் உயரதிகாரிகள் நெளிந்தார்கள். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத விஷயத்தைப் பெண்கள் சமையலறையில் இருந்தபடியே கேட்டார்கள்.

மாலை 6.45: ஆம்பிரிட்ஜ் கிராமம்

5 மணிக்குச் சிறுவர்களுக்கு 'சில்ட்ரன்ஸ் அவர்'. 6 மணிக்குச் செய்தி. 6.45 ஆனால் லைட் புரோகிராமில் 'தி ஆர்ச்சர்ஸ்'.

ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை இது. 1948-ல் பர்மிங்ஹாமில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில், விவசாயத்தைத் துப்பறியும் தொடர்போல விறுவிறுப்பாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விவசாயி யோசனை சொன்னார். தயாரிப்பாளர் காட்ஃப்ரே பேஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பானது. உணவுப் பொருள்களுக்கு ரேஷன் இருந்த காலம். விளைச்சலைக் கூட்டும் வழிகளைக் கதையோடு கலந்து சொன்னார்கள்.

கிரேஸ், அந்த வீட்டு மகன் பில்லைக் கல்யாணம் செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. செப்டம்பர் 22 அன்று குதிரை லாயத்தில் தீப்பிடிக்கிறது. உள்ளே சிக்கிய குதிரையைக் காப்பாற்ற ஓடுகிறாள். படுகாயமடைந்து இறந்துபோகிறாள்.

ஏறக்குறைய 2 கோடிப் பேர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. பி.பி.சி-யின் தொலைபேசி இணைப்புகள் திணறின. ஐ.டி.வி தொடங்க அரை மணி நேரமே இருந்தபோது வந்த இந்த மரணம் தற்செயலானது இல்லை என்பது பின்னாளில் தெரியவந்தது.

இரவு: பேசக் கூடாத பேச்சு

9 மணிக்கு மீண்டும் செய்தி. அது முடிந்தால் உரைகள், விவாதங்கள். ஆனால் ஒரு பூட்டு இருந்தது. அடுத்த 14 நாள்களுக்குள் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படவிருக்கும் எந்த விஷயத்தையும் ரேடியோவில் விவாதிக்கக் கூடாது! பி.பி.சி 1944-ல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட இந்த விதியை, 1955 ஜூலையில் அரசே உத்தரவாக்கியது.

உத்தரவு போட்ட அமைச்சர் சார்லஸ் ஹில். போர்க்காலத்தில் 'ரேடியோ டாக்டர்' என்ற பெயரில், வயிற்றுக் கோளாறு வரை மக்களிடம் வெளிப்படையாகப் பேசிப் புகழ்பெற்ற அதே மனிதர்! ரேடியோவால் பிரபலமானவரே ரேடியோவின் வாயைக் கட்டினார்.

அடுத்த ஆண்டு சூயஸ் நெருக்கடி வந்தது. நாடே இரண்டாகப் பிரிந்து நின்று பேசிய நேரத்தில், விதி கேலிக்குரியதானது. 1956 டிசம்பரில் தற்காலிகமாகவும், 1957-ல் காலவரையின்றியும் அதை நிறுத்திவைத்தார்கள்.

குரலுக்குப் பின்னால் இருந்தவர்

கிரேஸாக நடித்தவர் இசான் சர்ச்மன். தன் பாத்திரம் ஏன் கொல்லப்பட்டது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்னார். உடன் நடித்த ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று கேட்டு, நடிகர் சங்கத்தின் உதவியை நாடியிருந்தார். ஐ.டி.வி-யை முந்தவும், கேள்வி கேட்ட நடிகையை அனுப்பவும் ஒரே தீ போதுமானதாக இருந்தது.

பிரிட்டனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் 1970-ல்தான் வந்தது. சர்ச்மன் பின்னர் அதே நாடகத்துக்கு, மேரி பவுண்ட் என்ற வேறொரு பாத்திரமாகத் திரும்பினார். 2024-ல் தன் 99-வது வயதில் காலமானார்.

ஹோம் சர்வீஸ் 1967-ல் 'ரேடியோ 4' ஆனது. 'தி ஆர்ச்சர்ஸ்', 'உமன்ஸ் அவர்' இரண்டும் இன்றும் அதில் ஒலிக்கின்றன. இதே பி.பி.சி 1941 மே 3-ல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்புதான், பிறகு 'தமிழோசை' என்று நம்மவர்களின் வீடுகளுக்கும் வந்தது.

கிரேஸுக்காக அழுதவர்கள், அவளுக்குக் குரல் கொடுத்தவர் என்ன கேட்டார் என்பதை அன்று அறிந்திருக்கவில்லை. அந்தக் கோரிக்கை மட்டும் ரேடியோவில் ஒலிக்கவே இல்லை.