வட்டப்புழுக்களும் ஒட்டுண்ணி வாழ்வும்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை கடலோரமாய் நீண்டு கிடக்கும் மணற்பரப்பும், அதன் மேற்கே விரிந்த நெல்வயல்களும் எண்ணிறந்த உயிர்கட்கு உறைவிடமாகும். அவற்றுள் கண்ணுக்குப் புலனாகாது ஈரமண்ணில் நெளிவன வட்டப்புழுக்கள். மண்புழுவின் உடல்போல இவற்றினுடல் வளையங்களாகப் பகுக்கப்பட்டிலது. இரு முனையுங் கூம்பிய உருளை வடிவமும், உறுதியான புறத்தோலும், பாய்மம் நிறைந்த உடற்குழியும் இவற்றின் சிறப்பியல்புகளாம். உடற்சுவர்த் தசைகள் நீளப்பாட்டில் மட்டுமே அமைந்திருத்தலின், இவை வில்லென வளைந்து வளைந்தே இடம்பெயரும்.

வட்டப்புழு என்றதும் நோயை நினைத்தல் பொதுவழக்கு. ஆயின், மண்ணிலும் நீரிலும் பற்றீரியா முதலியவற்றை உண்டு தனித்து வாழும் இனங்கள் மிகப் பல. ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளமுள்ள சீனோராப்டைற்றிசு எலிகன்சு என்பது அத்தகையது. அதன் நிறையுடலிக்கு உடற்கலங்கள் 959 எனக் கணித்துள்ளனர். இப்புழுவை ஆய்ந்த பிரெனர், ஓர்விற்சு, சல்சுற்றன் ஆகிய மூவரும் 2002 இல் நோபெற் பரிசு பெற்றனர்.

தனித்து வாழ்ந்த புழு ஒட்டுண்ணியானது எங்ஙனம்? வட்டப்புழுக்கள் நான்கு முறை தோல் கழற்றி வளர்வன. உணவு அருகுங்கால், மேற்கூறிய புழுவின் குடம்பி மூன்றாம் பருவத்தில் வாயை மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் உண்ணாது உயிர் தாங்கும். கொழுக்கிப்புழுவின் மூன்றாம் பருவக் குடம்பியும் அவ்வாறே உண்ணாது காத்திருக்கும். முன்னது காத்திருப்பது உணவுக்கு. பின்னது காத்திருப்பது மனிதனின் வெறும் பாதத்துக்கு. இப்பருவமே ஒட்டுண்ணி வாழ்வுக்கு வாயிலாயிற்று என அறிஞர் பலர் கருதுவர்.

நிழலும் ஈரமும் உள்ள மணல் இக்குடம்பிக்கு மிக உகந்தது. அது தோலைத் துளைத்துக் குருதியோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே மேலேறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும். புழுக்கள் பலவாயின், இரும்புச்சத்துக் குன்றிக் குருதிச்சோகை உண்டாகும். தாய்மாரும் சிறாருமே இதனால் மிக நலிவர். அசுக்காரிசு என்னும் பெரிய வட்டப்புழுவோ வாய்வழியே முட்டையாகப் புகுவது. அதன் பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200,000 முட்டையிடும்.

யானைக்கால் நோயை விளைக்கும் வட்டப்புழு நிணநீர்க் கலன்களில் வாழ்வது. நுளம்பின் உடலில் இதன் குடம்பி வளர்தலை 1877 இல் மான்சன் சீனத்திற் கண்டறிந்தார். மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களில் இந்நோய் நிலவியதால், இலங்கையில் 1947 இல் யானைக்கால் ஒழிப்பியக்கம் நிறுவப்பட்டது. அம்மாகாண மக்களுக்கு 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மருந்து வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் இலங்கையில் நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது.

எனினும் மருந்தொன்றே போதியதன்று. பெருந்தோட்டங்களில் 1916 இல் ரொக்பெலர் அறநிலையத்தின் துணையுடன் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்புப் பணி புகட்டிய பாடம் இதுவே. மருந்துண்டு நலமெய்தியோர், மலசலகூடம் இன்மையால் மாசுற்ற அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். குடலிலுள்ள புழுவை மருந்து நீக்கும்; மண்ணிற் காத்திருக்கும் குடம்பியை அது தீண்டாது. ஆகவே மலசலகூடம், காலணி, கழுவிய கை, கழுவிய கீரை என்பன ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தை அறுக்கும் கருவிகளாம். அவ்வட்டத்தை மாணவர் அறிதல் தேர்வுக்கு மட்டுமன்று. தம் இல்லத்தாரின் நலத்துக்கும் உரியதாகும்.