கேட்டைத் திறந்த சிஸ்டர்

கரும்பலகை மனிதர்கள் – 12

மதுரைப் பக்கம் ‘சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளி’ என்றாலே பெற்றோருக்குத் தனி நம்பிக்கை. பிள்ளைக்குப் படிப்பும் வரும், ஒழுக்கமும் வரும் என்பார்கள். இடம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று சேர்த்துச் சொல்வார்கள். அப்படி ஒரு பள்ளியின் கேட்டைத் தெருப்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டவர் சிஸ்டர் சிரில் மூனி.

அயர்லாந்தின் பிரே நகரில் 1936இல் பிறந்தவர். 1956இல் லொரேட்டோ சபைக் கன்னியாஸ்திரியாக இந்தியா வந்தார். அன்னை தெரசா தனிச் சபை தொடங்குமுன் இருந்ததும் இதே சபையில்தான். 1979இல் கொல்கத்தாவின் சியால்டா லொரேட்டோ பள்ளிக்கு சிரில் முதல்வரானார். அருகிலேயே பெரிய ரயில் நிலையம். அதைச் சுற்றிக் குப்பை பொறுக்கியும் பிச்சையெடுத்தும் பிழைத்த குழந்தைகள்.

இந்தக் குழந்தைகளால் காலை மணியடிக்கும் நேரத்துக்கு வர முடியாது, வயிற்றுப்பாடு அப்படி. சிரில் இதற்குக் கண்ட வழி, பள்ளியின் கால அட்டவணையிலேயே இருந்தது. பாடத்திட்டத்தில் ‘வேலைக்கல்வி’ என்று ஒரு பீரியட் உண்டு. அதை ஒவ்வொரு வகுப்புக்கும் வெவ்வேறு நேரத்தில் வைத்தார். எந்த நேரத்தில் ஒரு தெருக்குழந்தை வந்தாலும், அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லித்தர யாரோ ஒரு மாணவி தயாராக இருப்பாள். ஒரு பிள்ளைக்கு ஒரு அக்கா. இதுதான் ‘ரெயின்போ’ திட்டம். படித்துத் தேறியவர்கள் அவரவர் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ந்தார்கள். போக்கிடம் இல்லாத சிறுமிகள் இரவில் பள்ளியிலேயே தங்கினார்கள். சுமார் 1,400 மாணவிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டணம் கட்டாதவர்கள் என்ற நிலை வந்தது.

ஏழைகளுக்கென்று பின்புறம் தனிக் கொட்டகை போட்டு நடத்தியிருந்தால் ஊர் பாராட்டியிருக்கும். சிரில் அதைச் செய்யவில்லை. அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது என்பேன். வசதியான வீட்டுப் பெண்ணும் நடைபாதைப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்ற கல்வி உரிமைச் சட்டம் வந்தது 2009இல். லொரேட்டோ போன்ற சிறுபான்மைப் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தச் சட்டமும் கேட்காமலேயே பாதிப் பள்ளியைக் கொடுத்தவர் இவர். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். 2011வரை முதல்வராக இருந்தார். 2023 ஜூனில் கொல்கத்தாவிலேயே மறைந்தார்.

திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் விசேஷ நாட்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் கூட்டத்துக்குள் புகுந்து பொருள் விற்பதைப் பார்க்கிறோம். நாலு தெரு தள்ளிப் பள்ளிகளும் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் பள்ளி நடத்தும் தாளாளர்களே, தலைமையாசிரியர்களே, அடுத்த கல்வியாண்டுக்கு டைம்டேபிள் போடும்போது வாரத்தில் இரண்டு பீரியடை இந்தப் பிள்ளைகளுக்காக ஒதுக்கிக் கொடுங்கள்.

(தொடரும்)