கேனானா, நிக்கானா, சோனியா? பேரைப் பார்த்து ஏமாறாதீங்க!

நகையை அடகு வைத்துக் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

நாகப்பட்டினம், –

தை பிறந்தால் முகூர்த்தம். ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். நாகூர் கந்தூரி வந்தால் விடிய விடிய ஊர்வலம். கேமரா பிடிக்கத் தெரிந்த வாலிபர்களுக்கு நாகையில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் கேமராவுக்குத்தான்!

சொந்தக் கேமரா இல்லாதவர் அடுத்தவர் ஸ்டூடியோவில் தினக்கூலிக்கு நிற்க வேண்டும். சொந்தமாக வாங்கலாம் என்று இறங்கினால், லென்சும் பிளாஷும் சேர்ந்து லட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது. வீட்டு வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. வட்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

அப்படி வாங்கும் கேமரா தப்பாகிப் போனால்? போட்டோ போச்சு, முதல் போச்சு, வளையலும் போச்சு!

அண்ணன் கட்சி, தம்பி கட்சி

டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு கட்சி. "கேனான்ல முகம் செவப்பா விழும்ணே!" என்பார் ஒருவர். "நிக்கான் மாதிரி உழைக்குமா?" என்பார் இன்னொருவர். "அதெல்லாம் பழசு. இப்ப சோனிதான்!" என்று புதுசாகத் தொழிலுக்கு வந்த தம்பி குறுக்கே பாய்வார். ரஜினி, கமல் சண்டை தோற்றுப்போகும்.

கடைக்காரர் எந்தக் கட்சி? எந்தப் பெட்டி கடையில் தேங்கியிருக்கிறதோ, அந்தக் கட்சி!

வெளியே வேற பேரு, உள்ளே ஒரே சரக்கு

கட்சி கட்டுகிறவர்கள் 2005-ல் நடந்த ஒரு கூத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வருஷம் அக்டோபரில் கேமரா உலகமே கதிகலங்கியது. திடீர் திடீரென்று கேமராக்களில் படம் கோணலாக விழுந்தது. பலவற்றில் படமே வரவில்லை. கேனான், நிக்கான், ஒலிம்பஸ், பியூஜி, கோனிகா மினோல்டா, சோனி என்று கம்பெனிகள் வரிசையாக வந்து, "எங்கள் கேமராக்களில் சிலவற்றில் கோளாறு இருக்கிறது. இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று அறிவித்தன.

அது எப்படி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நோய்? உள்ளே இருந்த ஒளி வாங்கும் சில்லு, அதாவது சென்சார், எல்லாவற்றிலும் சோனி தயாரித்தது! சட்டைதான் வேறு வேறு. இதயம் ஒன்று.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அந்தச் சென்சார் கெட்டது எங்கே? வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த இடங்களில்! சூடும் ஈரமும் பட்டு உள்ளே இருந்த மெல்லிய கம்பி இணைப்பு விட்டுப்போனது. வெயிலும் ஈரக்காற்றும் என்றால் நம்ம ஊர்தானே?

மெகாபிக்சல் மாயம்

கடையில் அடுத்து வீசுகிற தூண்டில் மெகாபிக்சல். "இது 24, அது 45. ரெண்டு மடங்கு சார்!" என்பார்கள்.

சாதாரண 6-க்கு 4 அங்குலப் படத்தை நல்ல தரத்தில் அச்சடிக்க இரண்டே கால் மெகாபிக்சல் இருந்தால் ஆச்சு. கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம் போட்டால்கூட 20 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். 24 உள்ள கேமரா நம்ம ஆல்பத்துக்குத் தாராளம். மிச்சம் உள்ளதெல்லாம் கம்ப்யூட்டர் டிஸ்க்கை நிரப்பும். அதற்கும் காசு உங்கள் பையிலிருந்துதான்.

எண்ணிக்கையைவிட முக்கியம் சென்சாரின் அளவு. 'புல் பிரேம்' என்பது 36-க்கு 24 மில்லிமீட்டர். நடுத்தரக் கேமராக்களில் வரும் 'ஏ.பி.எஸ்.–சி' சென்சார் பரப்பில் அதில் பாதிகூட இல்லை. பாக்கெட் கேமராவில் இருப்பதோ முப்பதில் ஒரு பங்கு!

பகலில் வித்தியாசம் தெரியாது. ராத்திரியில் சாயம் வெளுத்துவிடும். நாகையிலிருந்து நாகூருக்குப் போகும் சந்தனக்கூடு ஊர்வலத்தை எடுத்துப் பாருங்கள். வேளாங்கண்ணித் தேர்பவனியை எடுத்துப் பாருங்கள். சின்ன சென்சாரில் கறுப்பு இடமெல்லாம் புள்ளி புள்ளியாக, ரவை கொட்டினமாதிரி விழும். ராத்திரி வேலை உள்ளவர்கள் சென்சாருக்குக் காசு போடலாம். பாஸ்போர்ட் போட்டோவும் பிறந்தநாளும் எடுக்கிறவர்களுக்கு நடுத்தரமே போதும்.

கல்யாணம் லென்சோடுதான்!

கேமரா பாடி ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். ஆக, நீங்கள் பெண் எடுக்கிற வீடு லென்ஸ் வீடு!

ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் நேராகப் பொருந்தாது. சில சமயம் ஒரே கம்பெனிக்குள்ளேயே வில்லங்கம் உண்டு. 2006-ல் வந்த நிக்கான் டி40-ல் போகஸ் செய்யும் மோட்டார் கேமராவுக்குள் இல்லை. பழைய லென்சை மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். அதற்குப் பின் வந்த மலிவு விலை வரிசைகளிலும் அதே கதை. 'நிக்கான் லென்ஸ்தானே' என்று பழையது வாங்கி மாட்டிவிட்டு முழித்தவர்கள் அநேகம்.

கண்ணாடி இல்லாத புது 'மிரர்லெஸ்' கேமராக்களில், அடாப்டர் போட்டுக் கேனானின் பழைய இ.எப். லென்சுகளை நன்றாகவே ஓட்டலாம். சோனி தன் இ–மவுண்ட் விவரங்களை 2011-லேயே மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. அதனால் டாம்ரான், சிக்மா லென்சுகள் அதற்கு ஏராளம். கேனான் தன் புது ஆர்.எப். மவுண்டை ரொம்ப நாள் பூட்டியே வைத்திருந்து, 2024-ல்தான் சிக்மா, டாம்ரானுக்குக் கொஞ்சம் வழிவிட்டது.

ஏற்கெனவே வீட்டில் எந்த லென்ஸ் இருக்கிறது? அவசரத்துக்கு இரவல் கொடுக்கிற பக்கத்து ஸ்டூடியோ அண்ணனிடம் எந்த லென்ஸ் இருக்கிறது? முகூர்த்தத்தன்று காலை லென்ஸ் மக்கர் பண்ணினால், விளம்பரத்தில் சிரித்த நடிகர் வரமாட்டார். பக்கத்து ஸ்டூடியோ அண்ணன்தான் வருவார்!

கம்பெனியே ஓடிப்போனால்?

பெரிய பேர் என்றால் நிலைக்கும் என்று நினைக்க வேண்டாம். டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து காட்டியதே கோடாக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவன் சாசன்தான். வருஷம் 1975. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆச்சு. அதே கோடாக் 2012-ல் திவால் மனு போட்டு, டிஜிட்டல் கேமரா தயாரிப்பையே கைகழுவியது.

கோனிகா மினோல்டா 2006-ல் கேமரா தொழிலை விட்டது. சாம்சங் 2010-ல் தடபுடலாக ஆரம்பித்த என்.எக்ஸ். வரிசையில் 2015-க்குப் பிறகு புதுசு எதுவும் வரவில்லை. கேசியோ 2018-ல் சின்னக் கேமராக்களை நிறுத்தியது. ஒலிம்பஸ் தன் கேமரா தொழிலை வேறு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டது.

இதில் மினோல்டா லென்ஸ் வைத்திருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சோனி அந்த மவுண்டை எடுத்துக்கொண்டு மேலும் பல வருஷம் கேமரா செய்தது. சாம்சங் லென்ஸ் வாங்கியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கப்பல் சாமான் மோகம்

வெளிநாட்டுச் சரக்கு நாகைக்குப் புதுசு இல்லை. 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து ஓட்டம் நிற்கும் வரை 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்தது. 'கப்பல் சாமான்' என்றால் அப்போது தனி மவுசு.

அந்த மோகம் இன்னும் போகவில்லை. "சிங்கப்பூர் பீஸ் சார், பில் இல்லாம முடிச்சுக்கலாம்" என்று காதில் ஊதுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில்லோடு 80 ஆயிரம் ரூபாய் சொல்லும் கேமராவை, பில் இல்லாமல் 68 ஆயிரத்துக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 12 ஆயிரம். அது ஏறத்தாழ அப்படியே அரசாங்கத்துக்குப் போக வேண்டிய வரி. டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதம் ஆனது.

ஆறாவது மாசம் ஷட்டர் போனால்? பல கம்பெனிகளில் கேமரா பாடிக்கு வாங்கிய நாட்டில்தான் வாரன்டி. இங்கே கொண்டுபோனால் கையை விரிப்பார்கள். மிச்சம் பிடித்த 12 ஆயிரம் ஒரே ரிப்பேரில் கோவிந்தா! ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஸ்டூடியோ என்றால், பில் இருந்தால் அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு.

உப்புக்காற்று சும்மா விடுமா?

நாகைக்காரனுக்கு இன்னொரு எதிரி உண்டு. கடல்! உப்புக்காற்று இரும்பையே அரிக்கிறது. கேமராவின் மெல்லிய இணைப்புகள் எம்மாத்திரம்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்சுக்குள் பூஞ்சணம் படரும். ஒட்டடை மாதிரி தெரியும். முற்றவிட்டால் கண்ணாடிப் பூச்சையே தின்றுவிடும்.

தோல் பைக்குள் மூடி பீரோவில் வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரம் காட்டும் சின்ன மீட்டர் போதும். மீட்டர் முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். கரண்டில் ஓடும் 'டிரை கேபினட்' வசதிதான். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். சிலிக்கா ஜெல் கைவசம் இருக்கட்டும்.

நனைந்த கேமராவை அரிசிப் பானையில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். நெல் விளையும் சீமை என்றாலும், அரிசி சோற்றுக்குத்தான். அதன் தூசி உள்ளே போனால் புதுத் தொல்லை.

கடற்கரையில் தொழில் செய்கிறவர்கள் கேட்க வேண்டியது, "தூசி, ஈரம் புகாத சீல் இருக்கிறதா?" என்பது. அதே கம்பெனியின் மலிவு மாடலில் பெரும்பாலும் இருக்காது. பேர் ஒன்று, கவசம் வேறு!

திருட்டுக் கேமரா உஷார்

பழைய கேமரா வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஆசாமியைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய பில்லில் உள்ள சீரியல் நம்பரும், கேமராவின் அடியில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால், வாங்கியவர் மேலும் கேஸ் வரும். புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 317-வது பிரிவு.

எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதைக் காட்டும் 'ஷட்டர் கவுண்ட்' கேளுங்கள். மலிவு மாடல்கள் பலவற்றுக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் சுமார் 1 லட்சம் கிளிக். நிக்கான் டி850 மாதிரிப் பெரிய கேமராவுக்கு 2 லட்சம். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆயிரக்கணக்கில் தட்டுகிறவர்களுக்கு 1 லட்சம் சீக்கிரமே வந்துவிடும்.

போலி மெமரி கார்டு இன்னொரு வில்லன். மேலே 64 ஜி.பி. என்று போட்டிருக்கும். உள்ளே 8 தான் இருக்கும். அது நிரம்பிய பிறகு எடுத்த படமெல்லாம் காற்றோடு போச்சு. தாலி கட்டும் நேரத்தில் இது நடந்தால் ஸ்டூடியோ கண்ணாடி மிஞ்சாது! புதுக் கார்டை வீட்டில் ஒருமுறை முழுசாக நிரப்பிப் பார்த்துவிட்டே தொழிலுக்கு எடுங்கள். கல்யாண வேலைக்கு, ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமரா உத்தமம்.

போனில் 'பாதி விலைக் கேமரா' விளம்பரம் பார்த்து முன்பணம் கட்டி ஏமாந்தால், உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கடைக்குப் போகும்போது...

இந்த ஐந்து கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்.

1. என் வேலை பகலிலா, ராத்திரியிலா? அதற்கேற்ற சென்சார் இதுதானா?

2. கையில் உள்ள லென்சும், இரவல் கிடைக்கும் லென்சும் இதற்குப் பொருந்துமா?

3. இந்தியா வாரன்டியா? சீரியல் நம்பர் போட்ட பில் உண்டா?

4. சர்வீஸ் சென்டர் எங்கே? திருச்சி என்றால் 140 கிலோமீட்டர். சென்னை என்றால் 300-க்கு மேல். பஸ் சார்ஜையும், வேலை கெடுகிற நாளையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

5. ஈரம் புகாத சீல் உண்டா? கார்டு துளை ஒன்றா, இரண்டா?

ஐந்துக்கும் நல்ல பதில் எந்தக் கேமரா சொல்கிறதோ, அதுதான் உங்கள் பிராண்ட். பேர் எதுவாக இருந்தால் என்ன?

வாங்கிய பிறகு கம்பெனியோ கடையோ மறுத்தால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டப்படி, எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பில்தான் கட்டாயம்!

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வீட்டோடு ஆல்பமும் போன ஊரில், ஒரு போட்டோவின் விலை என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கேமராவில் எடுத்தாலும் படத்துக்கு இரண்டு பிரதி போடுங்கள். ஒன்று வீட்டில். இன்னொன்று வெளியூரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில்.