ரஃப் நோட்டின் கணக்கு

12 உயிரெழுத்து. 16 வாரம். 1,572 தாள். ₹13,150. 2025 ஜூலை நடுவில் தொடங்கி நவம்பர் முதல் வாரத்தில் முடிந்த என் ஐந்தாம் செமஸ்டர் இந்த நான்கு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

ஹைதராபாத்தின் வடகிழக்கில், இ.சி.ஐ.எல். நாற்சந்தியை ஒட்டிய குஷாய்குடாவில் எங்கள் வீடு. கல்லூரி ஊரின் மறுகோடியில், மாதாப்பூர் பக்கம். படிப்பது வடிவமைப்பு. இந்த செமஸ்டரில் நான் எடுத்துக்கொண்ட வேலை, தமிழின் 12 உயிரெழுத்துகளைக் கடைப்பலகைக்காக வரைவது. சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தாலும் எழுத்து குழம்பக் கூடாது. எழுத்துக்கு ஓர் ஏ2 தாள் வீதம் 12 தாள், அதுதான் சப்மிஷன்.

தொடங்கிய அன்று அப்பா ஒரு கணக்கு நோட்டைக் கொடுத்தார். "என்ன வாங்கினாலும் அன்னிக்கே எழுதிடும்மா" என்றார். முதல் வரியில் 'முன்னிருப்பு' என்று எழுதி, எதிரே 0 போட்டேன். பிறகு பக்கத்தை நடுவில் கோடு கிழித்து, இடப்புறம் பணம், வலப்புறம் எண்ணிக்கை என்று பிரித்தேன். 16 வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது இடப்புறம் சொன்னதும் வலப்புறம் சொன்னதும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தன.

பணம்

ஏ4 தாள், 3 ரீம்: ₹900
ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், 60: ₹480
பென்சில், 14: ₹210
ஏ2 கலர் பிரிண்ட், 12: ₹1,440
சன்போர்டு, 4: ₹600
கட்டர் பிளேடு, ஃபெவிகால், டேப்: ₹370
மெட்ரோ ரயில், 150 பயணம்: ₹9,150
பஸ், 150 பயணம்: ₹0
மொத்தம்: ₹13,150

கல்லூரிக் கட்டணமும் மடிக்கணினியும் இதில் இல்லை. அவை நான்கு ஆண்டுக்கும் சேர்ந்த செலவு. இங்கே இருப்பது கையால் வாங்கி, கையாலேயே தீர்த்தவை மட்டும்.

போக்குவரத்தைக் கழித்தால் பொருள் செலவு ₹4,000. அதில் ஏ4, ஏ3, பென்சில் ஆகிய ரஃப் வேலைக்குப் போனது ₹1,590. பிரிண்ட், சன்போர்டு, ஒட்டுகிற சாமான் என்று இறுதி வேலைக்குப் போனது ₹2,410. நூற்றுக்கு 60 ரூபாய் ஃபேருக்கு, 40 ரூபாய் ரஃபுக்கு. இந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு வேலை முழுவதும் கடைசி வாரத்தில், பிரிண்ட் கடையில் நடந்தது போலத் தோன்றும்.

தாள்

ஏ வரிசைத் தாள்களின் கணக்கு எளிது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக மடித்தால் ஏ1, மறுபடி மடித்தால் ஏ2. இப்படி ஏ4 வரும்போது பதினாறில் ஒரு பங்கு. ஜெர்மனியில் 1922-இல் வகுத்த இந்த அளவில் எத்தனை முறை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஆகவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம்.

1,500 ஏ4 தாள்: 93.75 சதுர மீட்டர், 7.5 கிலோ
60 ஏ3 தாள், 140 ஜி.எஸ்.எம்.: 7.5 சதுர மீட்டர், 1.05 கிலோ
12 ஏ2 தாள், 200 ஜி.எஸ்.எம்.: 3 சதுர மீட்டர், 0.6 கிலோ
மொத்தம்: 104.25 சதுர மீட்டர், 9.15 கிலோ

104.25 சதுர மீட்டர் என்றால் 1,122 சதுர அடி. எங்கள் வீடு 900 சதுர அடி. கூடம், சமையலறை, இரண்டு அறை எல்லாவற்றின் தரையிலும் தாளைப் பரப்பினால் 222 சதுர அடி மிஞ்சும். இவ்வளவில் ஆசிரியர்கள் பார்த்த இறுதித் தாள் வெறும் 3 சதுர மீட்டர், நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. மற்ற 97 பங்கும் ரஃப்.

ரஃப் தாளுக்குச் சதுர மீட்டருக்கு நான் கொடுத்தது ₹13.63. இறுதித் தாளுக்கு ₹480. 35 மடங்கு வித்தியாசம். விலை குறைந்தது என்பதாலேயே பணக் கணக்கில் ரஃப் ஒதுங்கிப்போகிறது. ஆனால் எழுத்து உருவானது அங்கேதான்.

125 : 5 : 1

1,500 ஏ4 தாளை 12 எழுத்துக்குப் பங்கிட்டால் சராசரி 125. 60 ஏ3 தாளைப் பங்கிட்டால் 5. இறுதித் தாள் 1. ஒவ்வோர் எழுத்தும் 125 தாளில் அடிபட்டு, 5 தாளில் தேறி, ஒரு தாளில் நின்றது.

சராசரி எல்லா எழுத்துக்கும் ஒன்றுபோல அமையவில்லை. 'உ' 61 தாளில் வந்துவிட்டது. 'ஊ' பிறகு தானாக வந்தது. 'இ' மட்டும் 288 தாள் கேட்டது. அந்த எழுத்தில் கோடு தன்னைத்தானே சுற்றி வந்து, தன்னையே வெட்டிக் கடக்கிறது. கோட்டைத் தடித்தால் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைபடுகிறது. மெலித்தால் தூரத்தில் 'இ' கரைந்துவிடுகிறது. 200-ஆவது தாளைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது: நான் வரைய வேண்டியது கோட்டை அல்ல, கோட்டுக்கு உள்ளே இருக்கும் வெள்ளையை. அதை வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் 200 தாள் தாண்டாமல் அது என் கைக்கு வரவில்லை.

பென்சிலின் கணக்கும் இதில் உண்டு. புதுப் பென்சில் 17.5 செ.மீ. நான் 4 செ.மீ. வரை விடாமல் பிடித்தேன். 14 பென்சிலில் தேய்ந்தது 189 செ.மீ.; என் உயரத்தைவிட அதிகம். இந்தியப் பென்சில்களுக்கான மரச்சட்டத்தில் பெரும்பகுதி காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்து உக்கூ கிராமத்திலிருந்து, அங்கே வளரும் பாப்லர் மரத்திலிருந்து வருகிறது. அந்த மரம் சீவல் சுருளாக என் மேஜையில் உதிர்ந்தது.

பள்ளிக்கூடம்

ரஃபின் மேல் மரியாதை எனக்குக் கல்லூரியில் வந்ததல்ல. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, ஆண்டுக்கு மூன்று ரஃப் நோட்டு வீதம் 15 நோட்டு. நோட்டுக்கு 192 பக்கம், மொத்தம் 2,880 பக்கம். மற்ற நோட்டுகளுக்குப் பிரவுன் ஷீட் அட்டை, லேபிள், மார்ஜின் கோடு எல்லாம் வேண்டும். ரஃப் நோட்டுக்கு எதுவும் வேண்டாம். யாரும் திருத்த மாட்டார்கள், மதிப்பெண் கிடையாது. முன்பக்கத்திலிருந்து கணக்கு வரும், பின்பக்கத்திலிருந்து படம் வரும். இரண்டும் நடுவில் சந்திக்கும் நாளில் அம்மாவிடம் புது நோட்டுக்குக் காசு கேட்பேன்.

ஓவிய வகுப்பு வாரத்துக்கு ஒன்று, 40 நிமிடம். ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் 90 வகுப்பு, 60 மணி நேரம். தேர்வு நெருங்கும்போது வேறு பாடத்துக்குப் போன வகுப்புகளை நான் கழிக்கவில்லை. மூன்று ஆண்டில் பள்ளி ஒரு குழந்தையின் கைக்குக் கொடுத்த நேரத்தை, கல்லூரி ஸ்டூடியோ வாரம் 20 மணி வீதம் மூன்றே வாரத்தில் கேட்டுவிடுகிறது. அந்தப் பள்ளத்தை எனக்கு நிரப்பியது அட்டவணையில் இல்லாத ரஃப் நோட்டு. எல்லாக் குழந்தைக்கும் அது போதாது. ஒன்பதிலும் பத்திலும்கூட வாரத்துக்கு 40 நிமிடம் வரைய விட்டால், இரண்டு ஆண்டில் இன்னும் 40 மணி நேரம் சேரும். அந்த மணி நேரத்துக்காக நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் 14 ரஃப் நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. மற்றப் புத்தகங்களோடு சேர்த்து எடை போட்டார்கள். நோட்டு ஒன்று 260 கிராம் என்றால், 14-க்கு 3.64 கிலோ. கிலோ ₹12 வீதம் ₹43.68.

வரி

2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், ஷார்ப்னர், கிரேயான், நோட்டுப்புத்தகம் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து பூஜ்யமானது. அழிரப்பருக்கு 5-லிருந்து பூஜ்யம். ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 12-லிருந்து 5. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. அதே நாளில், நோட்டுப்புத்தகம் தயாரிக்கப் பயன்படாத மற்ற எழுது தாளுக்கு 12 சதவீதம் 18 ஆனது. முதல் இரண்டு ரீமை ₹295 வீதம் வாங்கினேன். மூன்றாவது ₹310.

15 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் தைத்த தாளில் செய்தால் பயிற்சி, உதிரித் தாளில் செய்தால் வணிகம் என்று ஆகிவிடுகிறது. வரையப் படிக்கிறவர்களின் நோட்டு உதிரித் தாள்தான். அடுத்த செமஸ்டருக்கு நான் கோடு போடாத நோட்டுகளை வாங்கி வைத்திருக்கிறேன். வரி இல்லை, தாளும் சிதறாது. வரையும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

வழி

வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஏறக்குறைய 28 கி.மீ. குஷாய்குடாவில் பஸ் ஏறி, மல்லாப்பூர், நாச்சாரம் வழியாக ஹப்சிகுடா. அங்கிருந்து நீலத் தட மெட்ரோவில் மாதாப்பூர். 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸிலும் கட்டணம் இல்லை. அதனால்தான் பஸ் வரியில் 0. மெட்ரோவுக்கு ஒரு வழி ₹61. தசரா விடுமுறை போகக் கல்லூரி நாள் 75. இரு வழியும் சேர்த்து 150 பயணம், ₹9,150.

பணப் பக்கத்தில் மிகப் பெரிய செலவு இது; பத்தில் ஏழு பங்கு. எண்ணிக்கைப் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். மெட்ரோவில் ஒரு வழிக்கு 40 நிமிடம். 150 பயணத்துக்கு 100 மணி நேரம். உள்ளங்கை அளவு நோட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கையை மட்டும் வரைவது என் வழக்கம். கம்பியைப் பிடித்த கை, டிபன் கேரியரைப் பிடித்த கை, தூங்குகிற குழந்தையின் தலையைத் தாங்கிய கை. 150 பயணத்தில் 118 கை. நிற்கக்கூட இடமில்லாத 32 பயணத்தில் வரையவில்லை. பள்ளி மூன்று ஆண்டில் கொடுத்த 60 மணியைவிட மெட்ரோ நான்கு மாதத்தில் கொடுத்த நேரம் அதிகம்.

வாசல்

வீட்டில் பெரிய ரஃப் வேலைக்காரி அம்மா. இந்த செமஸ்டருக்கு முந்தைய மார்கழியின் 29 நாளும் அபார்ட்மென்ட் வாசலில் 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளிக் கோலம். நடு வரிசையில் 15. மேலும் கீழும் 14, 13 என்று இறங்கி 8. மொத்தம் 169 புள்ளி. 29 நாளுக்கு 4,901. எதிர் வீட்டு அத்தை தெலுங்கில் அதையே முக்கு என்பார். தனுர்மாதம் முழுக்க அவரும் போடுவார். இருவரும் கோல நோட்டை மாற்றிக்கொள்வார்கள்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வாக வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் பெரிய கோலம் பிறக்கும் என்பது அதன் சாரம். அம்மாவின் கையில் அந்த விதி இருக்கிறது. மறுநாள் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிடும் கோலத்தை அவர் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை. என் 'இ'யின் சுழியை முதலில் சரியாகச் சொன்னவரும் அவர்தான். "சிக்குக் கோலம் மாதிரி போடுடி, புள்ளியத் தொடாம சுத்திட்டு வா" என்றார். 213-ஆவது தாள் அது.

ஊர்

குஷாய்குடாவை வளர்த்தது 1967-இல் தொடங்கிய மின்னணு நிறுவனமான இ.சி.ஐ.எல். என் தாத்தா அங்கே வேலைக்கு வந்ததால்தான் நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியை 1979-இல் அந்த நிறுவனம் உருவாக்கியது. 1980 ஆகஸ்ட் 6-இல் கட்சிகளின் முன் இயக்கிக் காட்டினார்கள். 1982-இல் கேரளத்தின் பறவூரில் 50 வாக்குச்சாவடிகளில் சோதனை. 1984-இல், சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 1988-இல் சட்டம் திருந்தியது. 1998-இல் 16 தொகுதி. 2001-இல் தமிழ்நாடு முழுவதும். 2004-இல் 543 மக்களவைத் தொகுதியும். ரஃபிலிருந்து ஃபேருக்கு 25 ஆண்டு.

அந்த இயந்திரத்துக்கு வடிவம் கொடுத்த ஏ.ஜி. ராவும் ரவி பூவய்யாவும் ஐ.ஐ.டி. பம்பாயின் தொழில் வடிவமைப்பு மையத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். அதே மையத்தில் படித்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமார். தமிழ் எழுத்துருவில் ஆழ்ந்தவர். 'பராசக்தி' என்ற எழுத்துருவை உருவாக்கியவர். இந்தக் கட்டுரையில் தொகைகளின் முன்னே நிற்கும் ₹ அவர் வரைந்தது. போட்டிக்கு வந்தவை 3,331. இறுதிச் சுற்றுக்குப் போனவை 5. அமைச்சரவை 2010 ஜூலை 15-இல் ஏற்றது 1. பரிசு ₹2,50,000.

3,331 : 5 : 1 என்பதை எழுதிவிட்டு, அதன் கீழே 125 : 5 : 1 என்று எழுதிப் பார்த்தேன். நாட்டுக்கும் எனக்கும் ஒரே வழிதான்.

இருப்பு

சப்மிஷன் முடிந்த மறுநாள் அப்பா கணக்கு நோட்டை வாங்கிப் படித்தார். ரஃப் தாள் 8.55 கிலோ, பழைய விலைக்குப் போட்டால் ₹102.60. "இதையும் போட்டுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுத்துக்கு ஒன்றாக 12 கட்டு கட்டி பீரோ மேல் வைத்தேன்.

அப்போது பீரோவின் பின்னால் இருந்து, எடைக்குத் தப்பிய 15-ஆவது ரஃப் நோட்டு கிடைத்தது. எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் தமிழ் கிடையாது. அம்மாதான் வீட்டில் சொல்லிக்கொடுத்தார். கடைசிப் பக்கம் முழுக்க 'அ'. எண்ணினேன்: 23. எதுவும் நேராக இல்லை. பாதிக்கு மேல் கால் வளைந்திருக்கிறது.

கணக்கு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். முன்னிருப்புக்கு எதிரே இருந்த 0-வை அடித்துவிட்டு, 23 என்று எழுதினேன்.