வெயில் தந்த நிறமும் ஊர் தந்த மதிப்பும்

மனிதத் தோலின் மேலடுக்கில், அடிவரிசையில், மெலனோசைட் எனப்படும் செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற நிறமியை உண்டாக்குபவை இவைதான். ஸ்வீடன்காரருக்கும் சூடான்காரருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை மெலனின் செய்கின்றன என்பதில்தான் வெளுப்பும் கருப்பும் பிரிகின்றன.

வெயிலில் கருப்பதற்குத் தனி வழிமுறை உண்டு. புற ஊதாக் கதிர்கள் தோல் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. சேதத்தை உணர்ந்ததும் பி53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அதன் தூண்டுதலால் தோல் செல் ஒரு ஹார்மோனை வெளியிட, அது அருகிலுள்ள மெலனோசைட்டுக்கு ஆணையாகப் போய்ச் சேர்கிறது. மெலனோசைட் நிறமியைச் சிறு பொட்டலங்களாக்கி, தன் கிளைகள் வழியாகச் சுற்றியிருக்கும் செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே மெலனின், செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்ததுபோல் படிகிறது. இது முடிய இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். விடுமுறைக்குப் போனவர் மூன்றாம் நாள் கருத்துத் தெரிவது இதனால்தான். அந்தக் கருமை தரும் காப்பும் சொற்பம், எஸ்.பி.எஃப். அளவில் சொன்னால் 3 அல்லது 4. ஆகவே வெயில் கருமை என்பது, காயம் பட்ட பிறகு உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு.

பிறவி நிறத்தின் கணக்கு வேறு. அமெரிக்க மானிடவியலாளர் நினா ஜப்லொன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ஆம் ஆண்டில், செயற்கைக்கோள் அளந்த புற ஊதாக் கதிர் வரைபடத்தை உலக மக்களின் தோல் நிறத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். இரண்டும் நெருங்கி ஒத்துப்போயின. வெயில் கொளுத்தும் இடங்களில், கருவின் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் சத்து அழிந்துவிடாமல் கருந்தோல் காக்கிறது. வெயில் மெலிந்த வடக்கில், கிடைக்கும் கொஞ்ச ஒளியிலேயே வைட்டமின் டி தயாரிக்க வெளிர்தோல் உதவுகிறது. இத்தகைய ஆய்வுகளில் நிறத்தை அளக்கும் இடம் மேல்கையின் உள்பக்கம். அங்கே வெயில் அதிகம் படாது. ஒருவரின் பிறவி நிறம் அதுதான்.

வெளுப்புக்கும் கருப்புக்கும் ஊருக்கு ஊர் வெவ்வேறு மதிப்பு வந்ததற்கு முதல் காரணம் உழைப்பு. பழைய எகிப்தின் கல்லறை ஓவியங்களில் ஆண்கள் செம்பழுப்பாகவும் பெண்கள் வெளிர் மஞ்சளாகவும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனைச் சுவர்களிலும் இதே மரபு. ஆண் வெளியே, பெண் வீட்டுக்குள் என்ற வழக்கத்தை ஓவியர்கள் நிறத்தில் எழுதிவைத்தார்கள். வயலில் நிற்பவர் கருப்பார். நிழலில் இருக்க வசதி உள்ளவர் வெளுத்தே இருப்பார். விவசாயச் சமூகத்தில் வெளுப்பு, வசதியின் அடையாளமானது.

அந்த அடையாளத்தை விலைக்கு வாங்க முயன்றவர்கள் கொடுத்த விலை பெரிது. வெள்ளை ஈயத்தை முகத்தில் பூசும் வழக்கம் ரோம் நகரப் பெண்களிடம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளிலும் அது தொடர்ந்தது. ஆனால் இதன் முழு வரலாற்றையும் தெளிவாகக் காட்டும் நாடு ஜப்பான். 692ஆம் ஆண்டில் ஒரு பௌத்தத் துறவி ஈய வெண்பொடி செய்து ஜிதோ பேரரசிக்கு அளித்ததாக ‘நிஹோன் ஷோகி’ என்ற பழைய வரலாற்று நூல் பதிவு செய்கிறது. வெள்ளைத் தோல் ஏழு குறைகளை மறைக்கும் என்று அங்கே பழமொழியே உண்டு. ஐரோப்பியர்கள் ஜப்பான் கரையில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நிலைத்துவிட்ட விருப்பம் இது. வெளுப்பின் மீதான மோகம் எல்லாமே வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்ற வாதம் ஜப்பானில் பொருந்தாது.

1887இல் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் கபுகி நாடகம் நடந்தபோது, பெண் வேடத்துக்குப் பேர்பெற்ற நகமுரா ஃபுகுசுகேயின் கால் மேடையிலேயே நடுங்கியது. பல ஆண்டுகளாக முகத்திலும் கழுத்திலும் அப்பிய வெண்பொடியின் ஈயம் உடலில் ஏறியதே காரணம். நாடு முழுவதும் அது பேச்சானது. ஈயம் கலக்காத பொடிக்கான தேடலும் வேகம் பிடித்தது. ஆனாலும் பழைய பொடி கடைகளை விட்டுப் போகவில்லை. கைக்குழந்தைகளுக்கு மூளை உறை அழற்சிபோல ஒரு நோய் வந்து, பலர் இறந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தை 1923இல் கியோட்டோவின் குழந்தை மருத்துவர் இகுதாரோ ஹிராய் கண்டறிந்தார்: தாய்மார்கள் பூசிய வெண்பொடி. மார்பிலும் கழுத்திலும் இருந்த ஈயம், பால் குடிக்கும் குழந்தையின் வாய்க்குப் போயிருந்தது. 1930களில்தான் ஈயப் பொடி அங்கே சட்டப்படி ஒழிந்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் மதிப்பு தலைகீழாகிக்கொண்டிருந்தது. ஆலைகள் வந்தபின் உழைப்பவர்கள் வயலை விட்டுக் கூரைக்குள் போனார்கள். புகை மூடிய நகரங்களின் நெரிசலான தெருக்களில் வளர்ந்த குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் பரவலாக இருந்தது. வெளிறிய முகம் இப்போது வறுமையையும் நோயையும் நினைவூட்டியது. இந்த மாற்றத்தைப் பாரிஸ் ஃபேஷனின் வேலை என்றே பலரும் எழுதுகிறார்கள். வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் 1920களில் ஒரு கடல் பயணத்திலிருந்து கருத்துத் திரும்பினார், உலகமே அவரைப் பின்பற்றியது என்பது அந்தக் கதை. அவருக்கு முன்பே மருத்துவர்கள் நிலத்தை உழுது வைத்திருந்தார்கள் என்பதே உண்மை.

தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, சுவிட்சர்லாந்தின் லெய்சின் மலைக் கிராமத்தில் அகுஸ்த் ரொலியே ஒரு வெயில் சிகிச்சை மனையைத் திறந்தார். எலும்புக் காசநோய் கண்ட குழந்தைகளைக் கட்டிலோடு மாடத்துக்குக் கொண்டுவருவார்கள். முதல் நாள் பாதத்துக்கு மட்டும் ஐந்து நிமிட வெயில். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, கணுக்கால், தொடை, வயிறு என்று மேலேறுவார்கள். நோயாளி எவ்வளவு நன்றாகக் கருக்கிறாரோ அவ்வளவு விரைவில் தேறுவார் என்று ரொலியே நம்பினார். 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளி கொடுத்து எலும்பு தேறுவதை எக்ஸ்-ரேயில் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மற்றக் கையின் எலும்பும் தேறியது. ஒளியால் தோலில் உண்டான ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அதுதான் வைட்டமின் டி.

இப்படி வெயில் மருந்தானபின் கருத்த மேனி ஆரோக்கியத்தின் விளம்பரமாக மாறச் சிரமப்படவில்லை. அதுவரை குளிர்காலத்தில் மட்டுமே செல்வந்தர்கள் வந்துபோன பிரெஞ்சு ரிவியேராக் கடற்கரை, 1920களில் கோடையிலும் நிரம்பத் தொடங்கியது. பாரிஸின் ழான் பட்டு 1927இல் வெயிலில் பூசும் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1936இல் பிரான்ஸ் தன் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை அளித்தது. லோரியால் நிறுவனர் யூஜீன் ஷுவெல்லரின் ‘ஆம்ப்ர் சொலேர்’ எண்ணெய் சந்தைக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். பின்னாளில், ஜனவரியில் ஒரு லண்டன் குமாஸ்தா கருத்துத் தெரிந்தால், விமானம் ஏறி வெயில் தேடிப் போகும் பணம் அவரிடம் இருக்கிறது என்று பொருளானது. போகப் பணமில்லாதவர்களுக்கு 1970களில் ஜெர்மனியிலிருந்து புற ஊதா விளக்குப் படுக்கைகள் வந்தன.

வெயிலில் கிடக்கும் மோகத்தின் விளைவை மிகக் கடுமையாக அனுபவித்த நாடு ஆஸ்திரேலியா. பிரிட்டன், அயர்லாந்து வானத்துக்கு ஏற்ற தோலோடு போனவர்களின் வாரிசுகள், உலகின் மிகக் கடுமையான வெயில்களில் ஒன்றின் கீழ்க் கடற்கரையில் கிடந்தார்கள். அங்கே 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவைக் கார்ட்டூன் பாடும் பிரசாரம் 1981இல் தொடங்கியது. 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, விளக்குப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் அதே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. பிரேசில் அந்த ஆண்டே அவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் 2016க்குள் வணிகப் பயன்பாட்டை நிறுத்தின. சட்டம் விருப்பத்தை மாற்றிவிடவில்லை. ரியோ நகரின் மொட்டைமாடிகளில், கருத்த மேனியில் நீச்சலுடையின் கோடு துல்லியமாகத் தெரிவதற்காக உடம்பில் நாடாவை ஒட்டிக்கொண்டு பெண்கள் வெயில் காய்கிறார்கள்.

கிழக்கு ஆசியாவில் பழைய மதிப்பே தொடர்கிறது. சீனாவின் சிங்தாவ் கடற்கரையில் கண், மூக்கு, வாய்க்கு மட்டும் துளை விட்ட முகமூடி அணிந்து நீந்துகிறார்கள். ‘ஃபேஸ்கினி’ என்ற அதன் பெயர் உலகறிந்தது. வியட்நாமில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் உச்சி வெயிலில் விரல் நுனிவரை மூடிக்கொள்கிறார்கள். நெல் வயல் இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது கருப்பு உழைப்பையே நினைவூட்டும். 1990களில் டோக்கியோவின் ஷிபுயா பகுதிப் பள்ளி மாணவிகள் வேண்டுமென்றே அடர்பழுப்பாகத் தோலைக் கருக்கிக்கொண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை தீட்டி நடந்தார்கள். ஏழு குறை மறைக்கும் வெள்ளைக்கு எதிரான கலகம் அது. சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது.

தமிழ் நிலத்தின் சான்றுகள் கவனிக்கத் தக்கவை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற மாமை நிறம். பிரிவில் அது குலைந்து பசலை படர்வதே துயரம்; வெளிறுவது அங்கே இழப்பு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ளவர்கள் கருமையை உயர்வாகக் கருதுவதாகவும், குழந்தை மேலும் கருக்க வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்ப்பதாகவும், தெய்வங்களைக் கருப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுவதாகவும் வியந்து எழுதினார். பயணியின் மிகை அதில் இருக்கலாம். எண்ணெய்க் குளியலின் நோக்கத்தை அவர் பிறழ உணர்ந்திருக்கவும் கூடும். ஆனால் சிவந்த நிறமே எக்காலத்திலும் இங்கே அழகு என்று சொல்பவர்களுக்கு இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. சாதியும் நிழலில் இருக்கும் வசதியும் காலனி ஆட்சியும் சினிமாவும் விளம்பரமும் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாக்கியது இன்றைய மோகம். 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ அதற்கு ஒரு டியூபின் வடிவம் கொடுத்தது. 2020இல் அதன் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என மாறியது. ஐரோப்பாவுக்கு வெயில் எண்ணெய் விற்ற லோரியாலும், தன் பொருட்களில் வெண்மையைக் குறிக்கும் சொற்களை நீக்குவதாக அதே ஆண்டு அறிவித்தது. ஒரே நிறுவனம் ஒரு கண்டத்தில் கருக்கவும் மறு கண்டத்தில் வெளுக்கவும் பொருள் விற்றிருக்கிறது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் வாங்கியவர்கள் அல்லர்.

ஈயத்தின் இடத்தில் இன்று பாதரசம் இருக்கிறது. மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் என்சைமை அது முடக்குவதால் சில வாரங்களில் முகம் வெளுக்கும். நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். இடையில் தோல் வழியாக உடலில் ஏறும் பாதரசம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்கி, புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடுகிறது. முகமும் காலும் வீங்குவது அதன் அறிகுறி. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அழகுசாதனங்களில் பாதரசத்தைச் சேர்க்க மினமாட்டா உடன்படிக்கையும் இந்திய விதிகளும் தடை விதித்திருக்கின்றன. ஆனாலும் பெயர் தெரியாத கிரீம்கள் இணையத்திலும் சிறு கடைகளிலும் கிடைக்கின்றன. தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத கிரீமைத் தொடாதிருப்பதே பாதுகாப்பு. ஏற்கெனவே பூசி வருபவர்கள் அதை நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மலப்புரம் நோயாளிகளில் பெரும்பாலோர் கிரீமை நிறுத்திய பிறகு தேறினார்கள்.